கேட்காத கேள்விக்கு மார்க்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வில் நடந்தது ஜிபாருக்கும் அவள் மகள் பெரிசாத்துக்கும் மட்டும்தான் தெரியும். நோயாளியாக நடித்த அந்த வயதான நாடக நடிகருக்கும் தெரிந்திருக்கலாம். அவர் ஒப்பனையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பிஷ்கெக்கில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் மனநலப் பாடம் எடுக்கிறவள் ஜிபார். அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் பெரிசாத். சொந்தக்காரர்களுக்கு மார்க் போடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அன்றைக்கு அவளோடு சேர்ந்து உட்கார்ந்து மார்க் போட்டவர் பல்வலி தாங்காமல் பாதியில் எழுந்து போய்விட்டார். "மிச்சம் இருக்கிற ரெண்டு மூணு பேர நீங்களே பாத்து முடிச்சிடுங்க" என்று துறைத் தலைவி ஃபரிதா ரஷீதவ்னா வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அந்த ரெண்டு மூணு பேரில் ஒருத்தி தன் மகள் என்று ஜிபார் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தேர்வு பெரிய சிக்கலானது இல்லை. நாற்காலியில் ஒரு மனிதர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். மாணவி அவரிடம் தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலைமை எல்லாம் விசாரிப்பாள். பேச்சுவாக்கில் அவர், "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்பார். அந்த இடத்தில் மாணவி நேராகக் கேட்டாக வேண்டும்: செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா? மதிப்பெண் தாளில் அந்த ஒரு வரிக்கு மட்டும் நட்சத்திரக் குறி. மற்றதெல்லாம் எத்தனை நன்றாகச் செய்தாலும் அதைக் கேட்காவிட்டால் ஐந்துக்கு இரண்டுதான். இரண்டு என்றால் தோல்வி.

பெரிசாத் அதைக் கேட்கவில்லை. "அப்படியெல்லாம் பேசாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஜிபார் நட்சத்திர வரியில் டிக் அடித்தாள்.

கொஞ்ச நேரம் முன்னால், அச்சு அசலாக இதே பதிலைச் சொன்ன அக்மாரல் என்ற நாரின் ஊர்ப் பெண்ணுக்கு அவள்தான் இரண்டு போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ரிசல்ட் வந்தது. எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்த நேரம். பெரிசாத்தின் செல்போன் மேசைமேல் கிர்ரென்றது.

"எவ்ளோ?" என்றார் அவள் அப்பா மிர்லான், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"நாலு."

"நாலா! அந்த ஃபரிதா டிபார்ட்மெண்ட்ல நாலு வாங்கறது லேசா? ஜிபார், கேட்டியா? இன்னிக்கு நான் லக்மான் செய்யறேன். கையால இழுத்த நூடுல்ஸ். யாரும் வெளிய சாப்பிட்டுட்டு வரக் கூடாது, சொல்லிட்டேன்."

மிர்லான் இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசி நாளாகியிருந்தது. போன குளிர்காலக் கடைசியில் பல வாரங்கள் அவர் நகரத்துக்கு வெளியே உள்ள மனநல மருத்துவமனையில் இருந்தார். சொந்தபந்தங்களிடம், வெளிநாட்டில், கசானில், கட்டட வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள் ஜிபார். புவியியல் வாத்தியார் செங்கல் தூக்கப் போனார் என்பதை அவர்கள் நம்பினார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக நம்பியிருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் அவள் கசானைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிசாத் தேநீரைத் தொடவில்லை. அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடப் போனாள்.

டிராலிபஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் கேட்டாள். பாப்ளர் மரத்துப் பஞ்சு தெருவெல்லாம் பறந்துகொண்டிருந்தது. அவள் கண்ணிமையில் ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அம்மா, நான் அதக் கேக்கல."

"எத?"

"தெரியாத மாதிரி பேசாத. நட்சத்திரக் கேள்வி."

"கேட்ட."

"இல்லம்மா. தண்ணி குடுத்தேன். அப்புறம் தூக்கம் பத்திக் கேட்டேன்."

"பதட்டத்துல உனக்கு ஞாபகம் இல்ல பெரி. பரீட்சைல இருந்து வெளிய வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். நீ மெதுவாத்தான் கேட்ட, ஆனா கேட்ட."

பெரிசாத் அம்மாவையே பார்த்தாள். "அப்படியா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. ஒரு கணம் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அந்தச் சந்தேகம் மகளின் முகத்தில் வந்து போனதை ஜிபார் கண்ணால் பார்த்தாள்.

ஒருத்தரின் நினைவை அவரே நம்பாதபடி செய்வதைப் போன்ற கொடுமை வேறில்லை என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறவள் அவள். கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். டிராலிபஸ் வந்ததும் மகளுக்கு முன்னால் ஏறி, கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள்.

கல்லூரியில் அக்மாரல் காத்திருந்தாள். ஜிபாரின் அறை வாசலில் சுவரோடு சுவராக நின்றவள், இவளைக் கண்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அக்கா, மார்க்குக்காக வரல. எங்க தப்பு பண்ணினேன்னு சொன்னீங்கன்னா போதும். மறுபரீட்சைல அதத் திரும்பவும் பண்ணக் கூடாது பாருங்க."

அழுது முடித்த கண்கள். தலை மட்டும் நன்றாகச் சீவியிருந்தாள்.

ஜிபாருக்குச் சொல்ல வந்தது ஒன்று. வாயிலிருந்து வந்தது எப்போதும் சொல்லும் பாடம்.

"அந்த ஆளு தைரியத்த எல்லாம் சேத்து வெச்சு உன்கிட்ட ஒரு கதவத் தொறக்கறாரு. 'எல்லாம் சரியாப் போயிடும்'னு சொன்னா, அந்தக் கதவ நீ அவர் முகத்துல சாத்தற. இனிமே அவர் யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாத. அது ஏற்கெனவே அங்கதான் இருக்கு. நீ கேட்டா, சுமக்க இன்னொரு ஆள் கெடச்ச மாதிரி."

"புரியுது அக்கா." அக்மாரல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "இத நான் மறக்கவே மாட்டேன். ரொம்ப நன்றி. நாளைக்கு ஹாஸ்டல் மூடறாங்க, நான் இன்னிக்கு மத்தியானமே வண்டில ஊருக்குப் போறேன். ஆகஸ்ட்ல வருவேன். வீட்ல விட்டா."

"விடாம என்ன?"

"தோத்த பொண்ண எதுக்குத் திரும்ப அனுப்பணும்னு பெரியப்பா சொல்லுவாரு. பாக்கலாம்."

அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அவள் விலகிய இடத்தில் பெரிசாத் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"கதவு," என்றாள் மெதுவாக. "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கற."

திரும்பி நடந்தாள். நூலகத்துக்கு என்று ஜிபார் நினைத்தாள். அவள் போனது மாடிப் படியில், துறைத் தலைவியின் அறைக்கு.

முற்பகலில் ஃபரிதா ரஷீதவ்னாவிடமிருந்து ஆள் வந்தது. ஜிபார் உள்ளே போனபோது பெரிசாத் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். ஃபரிதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அவர் கோபமாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். இது வேறு.

"ஜிபார், உங்க பொண்ணு ஒரு விஷயம் சொல்றா. நான் உங்ககிட்ட ஒரே ஒரு தடவ கேக்கறேன். அந்தக் கேள்விய இவ கேட்டாளா, இல்லையா?"

நடிகரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜிபாருக்கு வசதியாக இருந்திருக்கும். யாராவது தன் மேல் குற்றத்தைச் சுமத்தினால் நிமிர்ந்து நிற்கலாம். இங்கே யாரும் சுமத்தவில்லை.

"கேக்கல," என்றாள்.

"டிக் போட்டது?"

"நான்தான்."

ஃபரிதா ஜன்னலைப் பார்த்தார். "உங்கள அந்த ரூம்ல தனியா விட்டது என் தப்பு. அத நான் டீன்கிட்ட சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இவ நல்லாப் படிக்கிற பொண்ணு. ரெண்டு போட்டிருந்தா ஆகஸ்ட்ல எழுதி ஜம்முனு பாஸ் பண்ணியிருப்பா. ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார் மிர்லான். தலை நிமிராமல், "நான் இல்லாம இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். பெரிசாத் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜிபார் அவர் தோளைத் தட்டி, "அப்படியெல்லாம் பேசாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு அறையில், மகளின் வாயிலிருந்து தன் குரல் வந்ததை அவள் கேட்டாள். அதே சொற்கள், அதே இரக்கம், கடைசியில் குடிக்க ஏதோ ஒன்றை நீட்டும் அதே கை. அதற்குத் தவறு என்று போட்டால், அது மகளுக்குப் போடுகிற மார்க் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. பேனா தானாக டிக் அடித்தது.

"சொல்ல முடியலன்னா வேண்டாம்," என்றார் ஃபரிதா. "பெரிசாத்துக்கு ரெண்டு. இந்த வருஷம் பூரா நீங்க எந்தத் தேர்வு அறைக்கும் போகக் கூடாது. கமிட்டி கூப்பிடும், அங்க வந்து பேசுங்க." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இவள நெனச்சா பெருமையா இருக்கு. அதச் சொல்ல இது நேரமில்ல, இருந்தாலும் சொல்றேன்."

பெரிசாத் வெளியே வந்ததும் அம்மாவுக்காக நிற்கவில்லை. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கினாள். "அப்பா," என்பது மட்டும் கேட்டது.

தேர்வு அறைக்குள் போக முடியாத ஆசிரியையாக வீட்டுக்கு நடந்து வந்தாள் ஜிபார். வழியில் தெரிந்தவர்கள் யாரும் எதிரே வந்துவிடக் கூடாது என்று சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். தெரிந்தவர்கள் யாருக்கும் இன்னும் எதுவும் தெரியாது. அது அவள் கால்களுக்குப் புரியவில்லை.

மிர்லான் மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"பெரி போன் பண்ணினா. அவளுக்குத் தெரிஞ்சதச் சொன்னா. மிச்சத்த நானே சேத்துக்கிட்டேன்." மாவைப் புரட்டிப் போட்டார். "அந்த நாடகக்காரரு சொல்ற வசனம், நான் ஜனவரில சொன்னதுதானே?"

"அது பாடத்துல ரொம்ப நாளா இருக்கு. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே."

"அப்ப நான்தான் காப்பி அடிச்சிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க. நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவ. எனக்குத் தெரியாதா? வாய் வரல."

"ஏன் வரல?"

"ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?"

"ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார் மிர்லான்.

ஜிபார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கை மட்டும் நிற்காமல் பிசைந்துகொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரில முதல் நாள் சாயங்காலம் ஒரு பொண்ணு வந்தா. சின்னப் பொண்ணு, நர்ஸ். சூப் குடுத்தா. உப்பு போதுமான்னு கேட்டா. அடுத்ததா, சாகணும்னு தோணுதான்னு கேட்டா. ரெண்டையும் ஒரே குரல்ல கேட்டா ஜிபார், ஒரு வித்தியாசமும் இல்லாம. ரெண்டுக்கும் பதில் சொன்னேன். உப்பு கம்மின்னேன். இன்னொண்ணுக்கு ஆமான்னேன். பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டா. அன்னிக்குத்தான் நான் தூங்கினேன்."

"யாரு அது?"

"பேரு நெனவில்ல. எப்படிம்மா இத இவ்ளோ சாதாரணமாக் கேக்கறன்னு கேட்டேன். 'காலேஜ்ல ஜிபார் அக்கா சொல்லிக் குடுத்தது'ன்னா."

ஜிபார் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"நீங்க... நான் உங்க சம்சாரம்னு அவகிட்ட..."

"சொல்லல. அவ உன் ஸ்டூடண்ட்டு. உனக்கு அவமானமா இருக்கும்னு, யாரோ மாதிரி இருந்துட்டேன்."

ஃபரிதாவின் அறையில் வராத அழுகை அவளுக்கு இங்கே வந்தது. அவர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாம் சரியாகப் போய்விடும் என்றும் சொல்லவில்லை. மாவை ஈரத்துணியால் மூடினார், கையைக் கழுவினார், எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இப்ப?" என்றாள் கடைசியில். "இப்பவும் தோணுதா?"

"இப்ப இல்ல. ஏப்ரல்ல ஒரு தடவ வந்துட்டுப் போச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன்." அவர் நிறுத்தினார். "இனிமே உன்கிட்டயும் சொல்றேன். நீயும் கேளு."

கொஞ்சம் பொறுத்து, "பெரி சொன்ன அந்த நாரின் பொண்ணு?" என்று கேட்டார்.

"அவளுக்கு ரெண்டு போட்டது சரிதாங்க. அவளும் கேக்கல."

"மார்க்கப் பத்தி நான் கேக்கல."

மேற்குப் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள் ஜிபார். நாரின் போகும் சிறு வேன் ஆள் நிறைந்தால் கிளம்பிவிடும். இரண்டு இடம்தான் பாக்கி என்று ஓட்டுநர் கூவிக்கொண்டிருந்தார். அக்மாரல் பின் இருக்கையில், மடியில் பையோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்மாரல், கொஞ்சம் இறங்கி வாம்மா."

"வண்டி போயிடும் அக்கா. என்ன விஷயம்?"

ஜன்னல் வழியாகவே சொன்னாள் ஜிபார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் காதைக் கொடுத்தார். முன் இருக்கைப் பெண்மணி சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"பெரியும் அதக் கேக்கலயா?" என்றாள் அக்மாரல்.

"கேக்கல."

"நான் சொன்ன அதே பதிலா?"

"அதே பதில்."

"அவளுக்கு நாலு போட்டீங்க."

"போட்டேன். இன்னிக்கு அது ரெண்டாயிடுச்சு. அவளே போய்ச் சொல்லிட்டா. நான் சொல்லல."

அக்மாரலின் முகம் சிவந்தது. "காலைல என் முன்னாடி நின்னு கதவு, அது இதுன்னு எப்படிப் பேசினீங்க! வாய் கூசலயா? நான் ரிசல்ட் வந்ததுலருந்து எனக்கு மூளையே இல்லன்னு அழுதுட்டு இருந்தேன். உங்க வீட்ல அதே பதிலுக்கு விருந்து!"

"அக்கா, ஏறறதுன்னா ஏறுங்க," என்றார் ஓட்டுநர். "திட்டு வாங்கறதுன்னா ஓரமா நின்னு வாங்குங்க. சவாரி கெடுது."

ஜிபார் நகரவில்லை. "உன் ரெண்டு சரியான மார்க்தான் அக்மாரல். அத மாத்த முடியாது."

"மாத்துங்கன்னு நான் கேட்டேனா? அந்த ரெண்டு என்னோடது, நான் எழுதிப் பாத்துக்கறேன். ஆனா உங்களுக்கு நன்றி சொன்னேன் பாருங்க, குனிஞ்சு கும்புட்டு. அதத் திருப்பிக் குடுங்க."

கிழவர் தாடியைத் தடவிக்கொண்டார். ஜிபாருக்கு எதைச் சொன்னாலும் சின்னதாகப் பட்டது. பிறகு, நிலையத்துப் புழுதியில், கூடை வைத்திருந்தவர்களுக்கும் சிகரெட் பிடித்தவர்களுக்கும் நடுவில், தன் மாணவிக்குக் குனிந்து வணங்கினாள்.

"ஐயோ, நிமிருங்க அக்கா!" அக்மாரல் பதறிப் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு, கிழவரின் முழங்காலைத் தாண்டி இறங்கினாள். ஆனால் இறங்கிய பிறகு குரலை இறக்கவில்லை. "இங்க யாரோ பாக்கறதுல என்ன இருக்கு? நாளைக்குக் காலைல வகுப்பு பூரா இருக்கும், கடைசி நாள். அங்க சொல்லுங்க. சும்மா 'தப்புப் பண்ணிட்டேன்'னு இல்ல. ஏன் பண்ணினீங்கன்னு. நாங்களும் அதே தப்பத்தானே பண்ணிட்டு இருக்கோம், எங்களுக்குத் தெரிய வேண்டாமா? நீங்க சொல்றதா இருந்தா இன்னிக்கு இருக்கேன். இல்லன்னா இந்த வண்டில போறேன், ஆகஸ்ட்லயும் வர மாட்டேன்."

"ஒரு நிமிஷம் இரு," என்றாள் ஜிபார்.

தேநீர்க் கடை ஓரமாக நகர்ந்து மிர்லானைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "காரணத்தச் சொல்லணும்னா உங்களச் சொல்லணும். ஆஸ்பத்திரிய, ஜனவரிய, எல்லாத்தையும்."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எனக்குச் சம்மதம்," என்றார் மிர்லான். "ஒளிஞ்சிருந்து அலுத்துப் போச்சு. ஆனா ஜிபார், அது பெரியோட வகுப்பு. அடுத்த வருஷமும் அந்தப் பிள்ளைங்க கூட உக்காரப் போறது அவ. அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அக்மாரல் ஒரு காலைப் படியில் வைத்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜிபார் மகளின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"என்ன?" குரலில் ஒரு துளி ஈரமில்லை.

"பெரி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ வேண்டாம்னு சொன்னாலும் சரி. எதுவா இருந்தாலும் உண்மையச் சொல்லு."

பாப்ளர் பஞ்சு மேலே விழுந்ததையும் தட்டிவிடாமல் ஜிபார் நின்றுகொண்டிருந்தாள். வேனின் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

"கேளு," என்றாள் பெரிசாத்.